கவாத்து
மலையேறும் மனசு – 11

மாசி மாதம். ஏற்காட்டில் காப்பிப் பழப் பறிப்பு முடிந்து, களத்தில் காய்ந்ததெல்லாம் மூட்டையாகி மலையிறங்கிவிட்டது. பூமழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த இடைவெளியில்தான் தோட்டங்களில் கவாத்து நடக்கும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றிக் கிடந்த ஒரு சரிவில், பெரியவர் ஒருவர் செடி செடியாக நின்று வெட்டிக்கொண்டிருந்தார். நடுவில் நெட்டுக்குத்தலாக, பளபளவென்று இலைவிட்டு நின்ற ஒரு போத்தைப் பிடித்து அடியோடு நறுக்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்கண்ணே, நல்லா வளர்ந்த கொம்பாச்சே?”

“வளர்ந்திருக்குதுங்க பாய். காய்க்காது.”

அவ்வளவுதான் பதில். அடுத்த செடிக்குப் போய்விட்டார். பிறகு நானாகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது இது: காப்பிச் செடியை அதன் போக்கில் விட்டால் ஆள் உயரத்தைத் தாண்டிப் பல அடி போகும். தோட்டத்தில் அதை ஐந்தடி வாக்கில் நுனி கிள்ளி நிறுத்துகிறார்கள். காய் பிடிப்பது பக்கவாட்டில் படரும் கிளைகளில். நேராக மேலே கிளம்பும் போத்துகள் செடியின் சத்தை உறிஞ்சிக்கொண்டு ஜம்மென்று நிற்கும், அவற்றால் வேறு உபயோகமில்லை. அவற்றை வெட்டவேண்டும். ஆனால் வேரில் கைவைக்கக் கூடாது.

கோபத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஆத்தூரிலிருந்து ஒரு வாசகி அனுப்பிய கடிதம் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. மாமனாருக்கு 70 வயதாம். ஐந்து வேளைத் தொழுகையில் ஒரு வக்து தவறமாட்டார். வாயைத் திறந்தால் மட்டும் வசவு. ‘நாய் வாலை நிமிர்த்த முடியுமா, நீங்களே சொல்லுங்கள்’ என்று கடிதத்தை முடித்திருந்தார். சும்மா கேட்ட கேள்வி இல்லை. அந்த வீட்டில் தினமும் சாப்பாடு பரிமாறுகிறவர் கேட்ட கேள்வி.

ஏறத்தாழ 900 வருடங்களுக்கு முன் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர் இமாம் கஸ்ஸாலி. 1058இல் ஈரானின் தூஸ் நகரத்தில் பிறந்தவர். பக்தாதின் நிளாமிய்யா மதரஸாவில் தலைமைப் பேராசிரியர். அந்தக் காலத்தில் அதற்கு மேலே ஒரு நாற்காலி கிடையாது. 1095இல் அத்தனையையும் உதறிவிட்டுப் புறப்பட்டுப் போனார். அப்படிப் போன பிறகு உருவானதுதான் இஹ்யா உலூமித்தீன் என்ற நூல். மொத்தம் 40 பாகங்கள். அதில் 22ஆவது, ‘ரியாளத்துன் நஃப்ஸ்’, முழுக்க முழுக்கக் குணத்தைப் பழக்குவது பற்றியது. ரியாளா என்ற சொல் முரட்டுக் குதிரையைப் பழக்குகிறவர்கள் புழங்கிய சொல்.

குணம் மாறாது என்றால் உபதேசம் எதற்கு, கண்டிப்பு எதற்கு என்று கேட்கிறார் கஸ்ஸாலி. வானத்தில் திரிந்த ராஜாளி வேடனின் கைக்கு வந்து உட்காரவில்லையா? முரட்டுக் குதிரை கடிவாளத்துக்கு அடங்கவில்லையா? மிருகத்துக்கே முடிகிறதே என்கிறார். அடுத்து அவர் எடுக்கும் உதாரணம் ஒரு விதை. பேரீச்சங்கொட்டை பேரீச்ச மரம் அல்ல, ஆனால் பராமரித்தால் மரமாகும். எவ்வளவு பராமரித்தாலும் அது ஆப்பிள் மரமாகாது. அதுபோலத்தான் கோபமும் ஆசையும். அடியோடு பிடுங்கி எறிய முடியாது, எறியவும் கூடாது. கோபமே இல்லாதவன் தன் வீட்டைக்கூடக் காப்பாற்றமாட்டான். அறிவு சொல்கிற இடத்தில் எழவும், போதும் என்ற இடத்தில் அடங்கவும் அதைப் பழக்க முடியும். அந்தச் சரிவில் பெரியவர் கத்தரியால் செய்துகொண்டிருந்ததும் இதே வேலைதான்.

கவாத்து என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்கலாம். பட்டாளத்துக்காரர்களின் அணிவகுப்புப் பயிற்சிக்கும் தமிழில் கவாத்து என்றுதான் பெயர். அரபியில் விதிகளைக் குறிக்கும் ‘கவாயித்’ உருது வழியாக வந்து நம் வாயில் இப்படித் தேய்ந்தது. பாளையத்தையும் கச்சேரியையும் தாண்டி, சேர்வராயன் மலையின் காப்பிச் சரிவுவரை அந்தச் சொல் ஏறி வந்திருக்கவேண்டும். நம்மில் பலருக்கு அது அரபிச் சொல் என்ற நினைப்பே இல்லை. நல்லதுதான். ஊரில் குடியேறி நிலைத்த சொல்லிடம் யாரும் ரேஷன் கார்டு கேட்பதில்லை.

கஸ்ஸாலியின் கணக்கில் குணம் என்பது ஒருவன் என்றைக்கோ ஒருநாள் செய்த நல்ல காரியம் அல்ல. யோசிக்காமல், முக்கி முனகாமல், தானாக வருகிற செயலுக்கு ஊற்றாக உள்ளே நிலைத்திருக்கும் ஒரு நிலை அது. ஒரு தடவை கையிலிருந்து கொடுத்துவிட்டு மூன்று நாள் தூக்கம் வராமல் புரளுகிறவன் கொடையாளி இல்லை. கொடையாளியாக நடித்துப் பழகுகிறவன். கேலியாகச் சொல்லவில்லை, நடித்துத்தான் பழகவேண்டும் என்கிறார் இமாம். நல்ல கையெழுத்து வேண்டுமென்றால் என்ன செய்கிறோம்? அழகாக எழுதுகிறவரின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறோம். முதலில் போலி. கை பழகியபின் அதுவே நம் எழுத்து. பணிவும் கொடையும் பொறுமையும் அப்படியே. சின்ன வயதில் நான் ஓதிய மக்தபு பள்ளியில் ஹஜ்ரத் பலகையில் ‘அலிஃப்’ போட்டுக் கொடுப்பார், அதன்மேலேயே நாங்கள் குச்சியை இழுப்போம். என் அலிஃப் ஆறு மாதம் கோணலாகவே நின்றது.

வெட்டவேண்டிய போத்து எது என்று தெரிவதுதான் சிரமம். நம் குறை நம் கண்ணுக்குப் படாது. அதற்கு நான்கு வழி சொல்கிறார். குறையறிந்த ஒரு குருவின் முன் உட்காருவது. உண்மை பேசும் ஒரு நண்பனைக் காவல் வைத்துக்கொள்வது. எதிரி நம்மைப் பற்றிப் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது. ஊரோடு பழகி, அடுத்தவனிடம் எது நமக்கு உறுத்துகிறதோ அது நம்மிடமும் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது. இதில் எனக்குப் பிடித்தது மூன்றாவது. முகஸ்துதி செய்கிற சிநேகிதனைவிடப் பகையாளியே இந்த விஷயத்தில் அதிகம் பயன்படுவான் என்கிறார். வாட்ஸ்அப் குழுவில் திட்டு வாங்கிவிட்டு வெளியேறும் நேரத்தில் இதை நான் நினைத்துக்கொள்வதுண்டு. வெளியேறியும் விடுவேன்.

நண்பனைக் காவல் வைப்பதற்கு அவர் காட்டும் சாட்சி கலீஃபா உமர் (ரலி). நபித்தோழர் ஸல்மான் (ரலி) அவர்கள் வந்தபோது, என்னைப் பற்றி உங்கள் காதுக்கு வந்தது என்ன என்று உமர் கேட்டார். ஸல்மான் தயங்கினார். விடாமல் வற்புறுத்தவே சொன்னார்: ஒரே சாப்பாட்டில் இரண்டு வகைக் கறி வைத்துக்கொள்கிறீர்களாம், பகலுக்கு ஓர் ஆடை, இரவுக்கு ஓர் ஆடை வைத்திருக்கிறீர்களாம். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார் உமர். இல்லை என்றதும், அந்த இரண்டும் இனி இராது என்றார். பாரசீகத்தையும் சிரியாவையும் ஆண்டவர்மேல் இருந்த புகார் இவ்வளவுதான்: இரண்டாவது குழம்பு, இரண்டாவது சட்டை.

வைத்தியத்துக்கு வரும்போது இமாம் கொஞ்சம் முரடர். நோய்க்கு எதிர்மறையே மருந்து என்பது அவர் கட்சி. கஞ்சனுக்குக் கொடுப்பது மருந்து. பயந்தாங்கொள்ளியாக இருந்த ஒருவர், குளிர்காலத்தில் அலை புரட்டும் கடலில் கப்பலேறிப் பழகினாராம். இன்னொருவர், நாலு பேர் முன்னிலையில் தன்னை வைவதற்குக் கூலி கொடுத்து ஓர் ஆளையே வைத்திருந்தாராம், பொறுமை பழக! நம் ஊரில் அதற்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. கர்வம் பிடித்த சீடனைக் கடைவீதியில் பிச்சையெடுக்க அனுப்பிய கதையும் இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெருடும். கர்வத்தை வெட்டப்போய் மானத்தை வெட்டிவிட்டால் என்ன செய்வது? ஒரே மருந்தை எல்லா நோயாளிக்கும் கொடுக்கும் வைத்தியன் ஆளைக் கொன்றுவிடுவான் என்று இமாமே எச்சரிக்கிறார். அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டுக் கதையை மட்டும் சொல்லும் பயான்கள், மார்க்கச் சொற்பொழிவுகள், நிறையக் கேட்டிருக்கிறேன்.

பெரியவரின் தூக்குப்போசியிலிருந்து கடுங்காப்பி வந்தது. வெல்லம் போட்டது. இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை. ஆனால் உலகத்துக்கு அதைக் குடிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர்கள் ஏமன் நாட்டு சூஃபிகள், 15ஆம் நூற்றாண்டில். இரவு திக்ருக்கு, இறைவனை நினைந்து ஓதுவதற்கு, கண் விழிக்கவேண்டும், அதற்குத்தான் காப்பி. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவின் அல்அஸ்ஹரில் ஏமன்காரர்களின் பகுதியில் அது நடந்தவிதம் பதிவாகியிருக்கிறது: திங்களிரவும் வெள்ளியிரவும் கூடுவார்கள். சிவந்த மண்பாண்டம் நிறையக் காப்பி. தலைவர் சிறிய அகப்பையால் மொண்டு வலப்பக்கத்திலிருந்து வரிசையாகக் கொடுப்பார். குடித்தபடியே ஓதுவார்கள். 1511இல் மக்காவில் காப்பிக்குத் தடை போட்டார்கள், நிற்கவில்லை. பாபா புடன் என்ற சூஃபி ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது நம் பக்கத்துக் கதை. காப்பிக்குப் பெயர்போன ஷாதுலிய்யா என்ற சூஃபி தரீக்காவுக்குக் காயல்பட்டினத்தில் இன்றும் ஸாவியா என்ற கூடம் உண்டு.

கண் விழிப்பது ஓதுவதற்கு மட்டுமல்ல, கணக்குப் பார்க்கவும்தான். இஹ்யாவின் 38ஆம் பாகத்தில் கஸ்ஸாலி இதற்கு ஒரு வியாபாரியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். காலையில் சுபுஹுத் தொழுததும், கூட்டாளியிடம் முதலைக் கொடுத்து நிபந்தனை பேசுவதுபோல நஃப்ஸிடம், அதாவது தன் மனத்திடம், பேசிக்கொள்ளவேண்டும். பகலில் கண்காணிக்கவேண்டும். ராத்திரி பேரேட்டைப் பிரித்து வரவு எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு என்று கேட்கவேண்டும். இதற்குப் பெயர் முஹாஸபா. இஹ்யாவைப் புரட்டுகையில் நான் நிறுத்தி நிறுத்திப் படிக்கும் இடம் இது. ஏனென்றால் நான் மண்டிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அத்தாவுக்குச் சின்ன மளிகை மண்டி. ஏற்காட்டு மிளகு, சீரகம், கிராம்பு, சுக்கு. தொங்கு தராசு. கடை திறந்ததும் அவர் செய்யும் முதல் காரியம், தட்டுகளைக் குப்புறத் திருப்பி அடிப்பக்கத்தைத் துண்டால் துடைப்பது. அடியில் புளி உருண்டை ஒட்டி எடை அடிக்கிற வித்தை எல்லா ஊர்ச் சந்தையிலும் உண்டு. தன் தட்டில் அது இல்லை என்று தனக்கே காட்டிக்கொள்வார். சரக்கு நிறுத்தால் முள் நடுவில் நின்றால் போதாது, வாங்குகிறவர் பக்கம் சாயவேண்டும்; மேலே ஒரு சிட்டிகை போடுவார். மக்கள் அதைக் கொசுறு என்றார்கள். அவருக்கு அது வாங்குகிறவரின் ஹக்கு, உரிமை. சந்தையில் கூலிக்கு நிறுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம், நிறுங்கள், கொஞ்சம் தாராளமாகவே நிறுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) சொன்ன செய்தியை எங்கோ கேட்டிருக்கிறார். அளவில் மோசம் செய்கிறவர்களைக் கண்டிப்பதற்கென்றே குர்ஆனில் 83ஆவது அத்தியாயம் அவர்கள் பெயரிலேயே இருக்கிறது என்பதும் தெரியும். வாங்கும்போது நிறைய வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்கள் என்ற விளக்கத்தைக் கேட்டால் முகம் மாறிவிடும்.

ஆனால் வாய்? ஆத்தூர்ச் சகோதரியின் மாமனாருக்கு அண்ணன் முறை. கடைப் பையன் ஒரு படியைக் கீழே போட்டால் அவன் ஏழு தலைமுறையையும் இழுப்பார். சாப்பாட்டில் உப்பு ஒரு கல் கூடினால் அம்மா அன்றைக்குச் சாப்பிடமாட்டார். மறுமைத் தராசில் நற்குணத்தைவிடக் கனமானது எதுவும் இல்லை என்பதும் நபிமொழிதான். அந்தத் தராசின் தட்டை மட்டும் அத்தா திருப்பிப் பார்த்ததில்லை, வெகுகாலம்வரை.

ஒரு ரமலான் இரவு, தராவீஹ் தொழுகை முடிந்து நடந்த பயானில், அபூபக்கர் (ரலி) அவர்கள் நாவை அடக்க வாயில் ஒரு கல்லைப் போட்டுக்கொள்வார்கள் என்று ஹஜ்ரத் சொன்னார். அத்தா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியிலும் பேசவில்லை. அடுத்த மாதம் கடையில் ஒரு சாக்கு சீரகத்தைப் பையன் மழையில் நனைய விட்டுவிட்டான். அத்தாவின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. கை கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்த டப்பாவுக்குப் போய், ஒரு கிராம்பை எடுத்து வாய்க்குள் போட்டுக்கொண்டது. அதன் காரம் அடங்கும்வரை அவர் பேசவில்லை. அன்றைக்கு அது பலித்தது. அந்த வாரமே இரண்டு நாள் பலிக்கவில்லை. கிராம்பைத் துப்பிவிட்டு வைதார். பிறகு மறுபடியும் கிராம்பு. இப்படியே பத்துப் பதினைந்து வருடம். வசவு நின்றுபோனது என்று சொல்லமாட்டேன். குறைந்தது. கடைசிக் காலத்தில், உப்பு கூடினால் தட்டைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “தண்ணி கொடு” என்பார். அம்மாவும் உட்கார்ந்து சாப்பிடுவார்.

அத்தா மௌத்தான மறுநாள் அவர் சட்டைகளைத் துவைக்கப் போட எடுத்த அம்மா, ஒவ்வொரு பையிலும் கைவிட்டுப் பார்த்தார். ஒரு பையில் பேருந்துச் சீட்டு. மற்ற எல்லாவற்றிலும் கிராம்பு.

(தொடரும்)