சிவாலய ஓட்டமும் உடற்கோயிலும்

சிவமயம்



மாசித் திங்கள் மகா சிவராத்திரியை ஒட்டி, பழைய விளவங்கோடு, கல்குளம் வட்டங்களின் சாலைகளெல்லாம் காவியுடுத்த அடியார் கூட்டத்தால் நிறைவதை நாம் ஆண்டுதோறும் கண்டு வருகிறோம். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு எனச் சென்று, திருநட்டாலத்தில் நிறைவுறும் பன்னிரு சிவாலய ஓட்டம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவுடையது. திக்குறிச்சியில் வழிபட்டோர் அருமனை, களியல் வழியே திற்பரப்பை நோக்கிச் செல்லுங்கால், "கோவிந்தா, கோபாலா" என்னும் முழக்கம் நம் வாயில்தோறும் வந்து ஒலிக்கும். கையிலே பனையோலை விசிறி, இடையிலே திருநீற்றுப் பை, நாவிலே இறைவன் நாமம். இவற்றோடு ஓடுகின்ற இவ்வடியார்க்கு இறைவன் அளித்த பெருந்துணை ஒன்று உண்டு. அதுவே உடம்பு.

திருமூல நாயனார் உடம்பினை இறைவன் உறையும் கோயிலாகக் கண்டவர். வர்ம ஆசான்கள் 108 வர்மங்களை எண்ணிக் காத்துவந்த மண் நம்முடையது. ஆதலின் உடம்பை அறிவது நமக்குப் புதிதன்று. அக்கோயிலின் உள்ளே நடைபெறும் பூசைகள் யாவை, அவை ஓட்டத்தின்போது எங்ஙனம் மாறுகின்றன என்பதை ஈண்டுச் சிறிது சிந்திப்போம்.

நின்று தொழுத புருஷாமிருகம்

இவ்வோட்டத்தின் தலவரலாறு யாவரும் அறிந்ததே. பாதி மனித உருவும் பாதி விலங்குருவும் கொண்ட புருஷாமிருகம் சிறந்த சிவபத்தி உடையது. திருமாலின் நாமத்தைக் கேட்கப் பொறாத அதனிடம் பீமன் "கோவிந்தா, கோபாலா" என்று கூவி ஓட, அது துரத்திற்று. அது நெருங்கும்போதெல்லாம் பீமன் ஓர் உருத்திராக்கத்தை நிலத்தில் வைப்பான், அது சிவலிங்கமாகும். லிங்கத்தைக் கண்ட மிருகமும் நீராடிப் பூசித்த பின்னரே மீண்டும் ஓடும். இங்ஙனம் பன்னிரு முறை நிகழ்ந்த இடங்களே பன்னிரு தலங்கள். அரியும் சிவனும் ஒன்றே என்பது இதன் முடிந்த பொருள்.

இக்கதையில் இன்னுமொரு நுட்பம் உளது. புருஷாமிருகம் வேகத்தில் குறைந்ததன்று. எனினும் பன்னிரு முறை நின்றது. அது நின்ற இடங்கள்தாமே கோயில்களாயின? ஓடுதலும் நிற்றலும் சேர்ந்ததே இவ்வழிபாடு. உடம்பின் இயற்கையும் இதுவேயாம் என்பதை மேலே காண்க.

மூச்சும் நாமமும்

தில்லைப் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன்னோடுகள் வேய்ந்திருப்பதாகவும், அவை மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கையைக் குறிப்பதாகவும் கூறுவது மரபு. 21,600 என்னும் எண்ணை நாளின் 1,440 நிமிடங்களால் வகுத்தால் 15 வரும். இளைப்பாறும் வளர்ந்த மனிதர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவர் என இன்றைய உடலியல் உரைக்கின்றது. நம் முன்னோர் கணக்கு இவ்வெல்லைக்குள் அடங்கி நிற்றல் வியக்கத்தக்கது.

ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உட்செல்லும். நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள. அவற்றின் மெல்லிய சுவர் வழியே பிராணவாயு இரத்தத்திற் கலக்க, கரியமிலவாயு வெளியேறுகின்றது. ஓடுங்கால் தசைகள் மிகுதியாகக் கரியமிலவாயுவை உண்டாக்கும். மூளையின் அடியிலுள்ள முகுளம் அதனை உணர்ந்து மூச்சை விரைவுபடுத்தும். இளைப்பாறும்போது நிமிடத்திற்கு 6 அல்லது 7 லிட்டராக இருந்த காற்று, கடும் ஓட்டத்தில் 100 லிட்டரையும் எட்டும்.

மூச்சின் அருமையை உணர்த்த நம் மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. நெய்யூர் மருத்துவமனையில் நெடுங்காலம் அறுவை மருத்துவராகப் பணிபுரிந்த டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல், 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவினருள் ஒருவர். 1924 ஜூன் மாதத்தில், குப்பியிலடைத்த பிராணவாயுவின் துணையின்றியே, ஏறத்தாழ 28,000 அடி உயரத்தை அவர் அடைந்தார். ஆங்கே ஓரடி எடுத்து வைக்க ஏழு முதல் பத்து முறை மூச்சுவிட வேண்டியிருந்தது. இதற்கு மேல் இயலாதென உணர்ந்த இடத்தில் அவர் நின்றார். தோழர் நார்ட்டன் சற்று மேலே சென்று, அவரும் திரும்பினார். உச்சி சிறிது தொலைவிலே தெரிந்தும் நின்று திரும்பியமையால் அன்றோ, பின்னர்ப் பல்லாண்டுக்காலம் நெய்யூரில் நோயுற்ற எளியோர்க்கு அவர்தம் கை கிடைத்தது!

நம் ஓட்டத்திலோ மூச்சை அளக்கக் கருவி எதுவும் வேண்டா. நாமமே அளவுகோல். "கோவிந்தா, கோபாலா" என்பதை இடையிலே மூச்சுத் திணறாமல் கூற முடியுமாயின் வேகம் உடம்புக்கு ஏற்றது. நாமம் பாதியிலே அறுபடுமாயின் வேகம் மிஞ்சிற்று என்று அறிந்து நடக்கத் தொடங்குதல் நலம்.

இருதயத்தின் ஓய்வு

மார்பின் நடுவே சற்று இடப்புறம் சாய்ந்து, கைம்முட்டி அளவில் அமைந்திருப்பது இருதயம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை துடிக்கும் இதனை ஓயாது உழைப்பது என்று கூறுவர். நுணுகி நோக்கின் உண்மை வேறு. நிமிடத்திற்கு 75 முறை துடிக்கும்போது ஒரு துடிப்பின் காலம் 0.8 விநாடி. அதில் கீழறைகள் சுருங்கி இரத்தத்தை உந்தும் வேலை 0.3 விநாடி, விரிந்து நிரம்பும் ஓய்வு 0.5 விநாடி. வேலையினும் ஓய்வே மிகுதி!

அவ்வோய்வும் வீணன்று. இருதயத் தசைக்கு உணவளிக்கும் நாளங்கள், தசை இறுகிச் சுருங்குங்கால் நெருக்கப்படும். ஆதலின் இடக் கீழறையின் தசை, தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெரும்பாலும் விரிந்திருக்கும் வேளையிலேயே பெறுகின்றது. உடம்பு முழுமைக்கும் பரிமாறிவிட்டு, இடைவேளையில் தான் உண்ணும் இல்லறத்தாளைப் போன்றது அது. துடிப்பு நிமிடத்திற்கு 180 ஆகும்போது ஒரு துடிப்புக்குக் கிடைப்பது 0.33 விநாடியே. வேலைக்காலம் ஓரளவே குறையும். ஓய்வுக்காலமே பெரிதும் குறையும். நல்ல நாளங்கள் அகன்று மிகுந்த இரத்தத்தைக் கொணர்ந்து இக்குறையை ஈடுசெய்யும். கொழுப்புப் படிந்து குறுகிய நாளங்களுக்கு அது இயலாது. அப்போது தசை பசியால் முறையிடுகின்றது. அம்முறையீடே மார்பின் நடுவே தோன்றும் இறுக்கமும், இடக்கையிலும் தாடையிலும் பரவும் வலியுமாம்.

இவ்வலியைச் சோதனை என்று எண்ணி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவோரும் உளர். அது பத்தியின் உறுதியன்று. உள்ளிருக்கும் பூசகர் மணியடித்து அழைத்தும் கேளாதிருத்தலாம். உடனே நிற்க வேண்டும். உடனிருப்போர் 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

கெண்டைக்காலும் வலம் வருதலும்

காலுக்கு இறங்கிய இரத்தம் மேலே ஏறுவது எங்ஙனம்? காலின் சிரைகளுக்குள்ளே ஒருவழிக் கதவுகள் உள. கெண்டைக்கால் தசை சுருங்குந்தோறும் சிரைகள் பிழியப்பட்டு, இரத்தம் மேனோக்கிச் செல்லும். கதவுகள் அது கீழே இறங்காமல் தடுக்கும். சிரையின் கதவுகளைச் சான்றாகக் காட்டி, இரத்தம் சுற்றி வருவதை 1628-ஆம் ஆண்டில் நிறுவியவர் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி.

விரைந்து ஓடிவந்தவர் சட்டென அசையாது நின்றால், கெண்டைக்காலின் உந்துதல் நின்றுவிடும். இரத்தம் காலிலே தேங்கும். மூளைக்குச் செல்வது குறைந்து மயக்கம் வரும். கோயில் வாயிலை அடைந்ததும் சிலர் தளர்ந்து வீழ்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆதலின் கோயிலை அணுகும்போதே ஓட்டத்தைத் தளர்த்தி நடந்து, மெல்ல நீராடி, மெல்ல வலம் வருதல் வேண்டும். வலம் வரும் ஒவ்வோரடியும் இரத்தத்தை இருதயத்திற்கு மீட்டுத் தருகின்றது.

விசிறியின் பயன்

தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இயக்கமாகின்றது, எஞ்சியது வெப்பமாகும். உடம்பின் உள்வெப்பமோ 37 பாகையை ஒட்டியே நிற்க வேண்டும். எனவே தோலுக்கு இரத்தம் மிகுதியாகப் பாய்ந்து வியர்வை பெருகும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் நீங்கும். ஆவியாகாமல் சொட்டி விழும் வியர்வையால் பயன் மிகக் குறைவு. நம் நாட்டின் மாசி மாதக் காற்று ஈரம் மிக்கது. தோலை ஒட்டிய காற்று விரைவில் நீராவியால் நிறைந்துவிடும். அதனை அகற்றி வேறு காற்றைக் கொணர்வதே விசிறி. இறைவனுக்கு வீசும் விசிறி, அடியார்க்கும் குளிர் தருகின்றது. நீராடிய ஈர ஆடையும் இத்தொண்டையே செய்கின்றது.

உள்வெப்பம் 40 பாகையைக் கடந்தால் மூளை கலங்கும். பேச்சுத் தடுமாறி, நடை தள்ளாடி, இடம் அறியாது மயங்குபவரைக் கண்டால், நிழலில் கிடத்தி, நீர் ஊற்றி, நாற்புறமும் விசிறி, விரைந்து மருத்துவமனை சேர்ப்பித்தல் வேண்டும். மயங்கியவர் வாயில் நீர் புகட்டலாகாது.

விரதமும் பானகமும்

கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்துள்ள சர்க்கரைச் சரக்கு ஏறத்தாழ 500 கிராம். அது தரும் ஆற்றல் 2,000 கலோரி. 60 கிலோ எடையுள்ளவர் 100 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5,000 கலோரி வேண்டும். எஞ்சியதைக் கொழுப்பே ஈடுசெய்கின்றது. கொழுப்பு மெலிந்தவரிடத்தும் போதிய அளவு உண்டு. ஆனால் அது மெல்ல எரியும் விறகு போன்றது. மெல்ல ஓடுவோர்க்கு அது துணைநிற்கும். விரைவோர் சர்க்கரையை முன்னரே தீர்த்துக் கால் துவளுவர்.

வழிநெடுக அன்பர்கள் வழங்கும் பானகம், மோர், சுக்குநீர், கஞ்சி ஆகியவற்றின் அருமை இங்கே விளங்கும். வியர்வையோடு உப்பும் வெளியேறுகின்றது. உப்பின்றி வெறும் நீரையே அளவின்றிப் பருகினால், இரத்தத்தின் உப்பு நீர்த்து மூளை வீங்கவும் கூடும். சிறுகுடலிலோ சர்க்கரையும் உப்பும் ஒன்றையொன்று கைப்பற்றியே உட்புகும். நீர் அவற்றைத் தொடர்ந்து செல்லும். 1971-ஆம் ஆண்டு வங்காள எல்லையிலுள்ள போங்காவ் அகதிகள் முகாமில், வாந்திபேதியால் வாடியோர்க்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரையே வாய்வழிக் கொடுத்து டாக்டர் திலீப் மகலனபிஸ் எண்ணற்ற உயிர்களைக் காத்தது இவ்வழியைக் கொண்டே. 1 லிட்டர் தூய நீரில் 6 தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்ப்பது அதன் எளிய அளவு. தண்ணீர்ப்பந்தல் அமைப்போர் பானகத்திலும் மோரிலும் சிட்டிகை உப்பு இடுதல் பெருந்தொண்டாகும்.

நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் உடையோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே விரதமும் ஓட்டமும் மேற்கொள்ளல் வேண்டும். மருந்துண்டு உணவொழித்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவிற்குத் தாழக்கூடும்.

இரவின் கடைச் சாமம்

பின்னிரவு 3 மணி முதல் 5 மணி வரை உடம்பின் வெப்பம் தாழ்ந்து, மூளை உறக்கத்தையே நாடும். அவ்வேளையில் கண் திறந்திருந்தும் கருத்து உறங்கும்; வண்டிகள் விரையும் சாலையில் அது பேரிடர். ஆதலின் தனித்து ஓடாமல், கூட்டமாகச் சாலையின் ஓரத்தே, ஒருவர் நாமம் சொல்ல மற்றவர் ஏற்றுச் செல்லல் நன்று.

அன்பர்களே! மூச்சு வாங்கி விடுகின்றது; இருதயம் சுருங்கி விரிகின்றது; தசை இறுகித் தளர்கின்றது. எங்கும் உழைப்பும் ஓய்வும் மாறிமாறி நிற்றலைக் கண்டோம். பன்னிரண்டையும் ஓடி முடித்தவர் பேறுற்றவர். ஏழாம் கோயிலிலே உடம்பின் குரல் கேட்டு நின்றவரும், முதுமையால் ஊர்தியிலே சென்று தொழுதவரும், அருமனைச் சாலையோரத்தில் நின்று ஒரு குவளை மோர் கொடுத்தவரும் அப்பேற்றிற் குறைந்தவரல்லர். நின்று தொழுத புருஷாமிருகத்தை இறைவன் கைவிட்டதில்லை. உடம்பாகிய கோயிலைப் பேணி, அடுத்த சிவராத்திரியிலும் அவன் சந்நிதிக்கு அதனை நலமுடன் கொண்டுசெல்லுதல் நம் கடன்.

திருச்சிற்றம்பலம்