திருவொற்றியூரின் தாள்கள் இருக்க வேண்டிய இடம்

திருவொற்றியூரில் ஒரு வீட்டுக்குச் சொத்து வரி கட்டப்படும்போதெல்லாம் அதோடு நூலக வரி என்ற சிறு தொகையும் சேர்ந்தே வசூலாகிறது. ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் கணக்கிடப்படும் இத்தொகையைக் கட்டுபவர் வீட்டு உரிமையாளரே எனினும், அதன் சுமை வாடகையின் வழியே குடித்தனக்காரருக்கும் வந்து சேர்வதால், நூலகத்தின் படியை ஒருநாளும் மிதிக்காதவர்கூட ஒருவகையில் அதன் பங்குதாரர்தான். இவ்வரிக்கு ஈடாக ஊர் எதைப் பெறுகிறது என்ற கேள்விக்கு நாவல்கள், நாளிதழ்கள், அரசுப் பணித் தேர்வுகளுக்கான வழிகாட்டி நூல்கள் என்ற விடையே பொதுவாகக் கிடைக்கும். அவ்விடை தவறன்று, ஆனால் பொது நூலகத்தை உருவாக்கிய சட்டம் மனத்தில் கொண்டிருந்த அளவோடு ஒப்பிட்டால் மிகக் குறுகியது.

அச்சட்டம் 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகங்களுக்கென இயற்றப்பட்ட முதல் சட்டமான இதன் பின்னணியில், 1928இல் தொடங்கப்பட்ட சென்னை நூலகச் சங்கமும், அதன் உயிர்நாடியாக விளங்கிய சீர்காழி இரா. அரங்கநாதனும் இருபது ஆண்டுகள் நடத்திய முயற்சி இருக்கிறது. கணிதப் பேராசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, பயிற்சிக்காக லண்டன் சென்ற அரங்கநாதன், அங்குள்ள பொது நூலகங்களில் தொழிலாளரும் இல்லத்தரசியரும் சிறுவரும் வந்துபோவதைக் கண்டு திரும்பியவர். 1931இல் அவர் வகுத்த நூலக அறிவியலின் ஐந்து விதிகள் நூலைவிட வாசகரையே மையத்தில் வைத்தவை. எனவேதான் 1948இன் சட்டமும் நூலக ஆணைக்குழு, அதாவது வரியைப் பெற்று நூலகங்களை நடத்தும் தன்னாட்சி அமைப்பு, நூல்களையும் இதழ்களையும் மட்டுமன்றி நிலப்படங்களையும் திரைப்படச் சுருள்களையும்கூடச் சேகரிக்கலாம், சொற்பொழிவுகளுக்கும் வகுப்புகளுக்கும் ஏற்பாடு செய்யலாம் என்று தாராளமாக இடம் விட்டுவைத்தது.

நூலகம் தன் வட்டாரத்து மக்களின் அன்றாடத் தேவைக்கான செய்திகளைத் தேடித் தொகுத்து, கேட்பவருக்கு அவர் மொழியில் தருவதை நூலகவியலார் சமூகத் தகவல் சேவை என்பர். எந்த அலுவலகத்தில் எந்தச் சான்று கிடைக்கும், எந்த நலவாரியத்தில் யார் பதிந்துகொள்ளலாம், சட்ட உதவிக்கு எங்கே போக வேண்டும் என்பன போன்றவை இதில் அடங்கும். இவற்றுள் பெரும்பாலானவை எந்த நூலிலும் அச்சாகாதவை. துண்டறிக்கையாகவும் அரசாணை நகலாகவும் நான்கு அலுவலகங்களில் சிதறிக் கிடப்பவை.

மோட்டார் தொழிலைக் காட்டிச் சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்று சொல்லுவது வழக்கம். ஒப்பிடுவோர் அந்நகரின் கார்களோடு நின்றுவிடுகிறார்கள். அதன் நூலகத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 1970களின் தொடக்கத்தில் வேலைகளும் வசதியுள்ள குடும்பங்களும் அந்நகரை விட்டு வெளியேறி, கிளை நூலகங்கள் வாசகரின்றி வெறிச்சோடியபோது, அமெரிக்கப் பெருநகர் ஒன்றின் நூலகத்துக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினத்தவரான கிளாரா ஸ்டான்டன் ஜோன்ஸ், உதவி அமைப்புகள் பற்றிய விவரங்களைக் கிளைதோறும் தொகுத்துவைத்து, தொலைபேசியில் கேட்டாலும் நேரில் கேட்டாலும் வழிகாட்டும் சேவையைத் தொடங்கினார். நூல் இரவல் வாங்காதவரும் கேள்வியோடு வரலாம் என்பதுதான் அதன் புதுமை. மோட்டார் சைக்கிளும் டயரும் லாரியும் செய்து வளர்ந்த திருவொற்றியூர்–எண்ணூர்ப் பகுதிக்கு அந்த டெட்ராய்ட்தான் நெருங்கிய உறவு.

கடலோரத்துக்கு இன்னும் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. சென்னை தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரி வட்டாரச் சிற்றூர்களில் கிராம அறிவு மையங்களை நிறுவியது. வீராம்பட்டினம் போன்ற மீனவர் ஊர்களில் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி வழியே நாள்தோறும் சொல்லிவந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு என்ற ஊரில், சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை அந்த மையத்தின் ஒலிபெருக்கியே ஊர் முழுவதற்கும் அறிவித்து உயிர்களைக் காத்தது. ஒலிபெருக்கி ஏற்கெனவே நாள்தோறும் பேசிப் பழகிய கருவியாக இருந்ததால்தான் அன்றைக்கு அதன் சொல்லை ஊர் நம்பியது. இத்தகைய மையங்களின் குறை, அவை திட்ட நிதியை நம்பியவை என்பது. நிதி தீர்ந்தால் கதவும் மூடிக்கொள்ளும். தனக்கென ஒரு வரியையே உடைய கிளை நூலகத்துக்கு அந்த அச்சம் குறைவு.

பொதுவானவற்றைப் பலரும் காணும் இடத்தில் வைத்துப் பேணும் வழக்கம் திருவொற்றியூருக்கு வெளியிலிருந்து வரவேண்டியதும் அன்று. தியாகராசர் கோயிலின் கல்வெட்டுகளுள் பல சோழர் காலத்தையும், இராட்டிரகூட மன்னன் கன்னரதேவனின் காலத்தையும் சேர்ந்தவை. யார் எந்த நிலத்தை, எந்த நிபந்தனையோடு, எதற்காகக் கொடுத்தார் என்பதைப் பொறித்துவைத்த அவை அக்காலத்துப் பதிவேடுகள். இலக்கணத்தைத் தானமாக வழங்கி விளக்கும் இடம் என்று பொருள்படும் வியாகரணதான வியாக்கியான மண்டபம் ஒன்று இங்கு இயங்கியதையும், அதன் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் நிலக்கொடை இருந்ததையும் பிற்காலச் சோழர் காலக் கல்வெட்டு சொல்லுகிறது. அந்த எழுத்தையும் மண்டபத்தையும் அணுகும் வாய்ப்பு எல்லாச் சாதியாருக்கும் இருந்தது என்று எண்ணிவிடலாகாது. இருந்தாலும், கணக்கை ஒருவர் பெட்டிக்குள் பூட்டாமல் ஊர் கூடும் இடத்தில் எழுதிவைப்பது என்ற முறை இவ்வூருக்கு ஆயிரம் ஆண்டுப் பழக்கம்.

இன்றைய திருவொற்றியூருக்கு அவ்வாறு எழுதிவைக்க வேண்டியவை எவை? நகராட்சியாக இருந்து 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்து, 2018இல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறிய இப்பகுதியைச் சுற்றி மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலைகள், அனல் மின் நிலையங்கள், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் என அபாயமிக்க பொருள்களைக் கையாளும் நிறுவனங்கள் நெருங்கி நிற்கின்றன. 2023 டிசம்பரின் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகமெங்கும் படர்ந்தது. அம்மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட, பெரியகுப்பம், சின்னக்குப்பம் பகுதி மக்கள் மூச்சுத்திணறலோடு தெருவுக்கு ஓடிவந்தனர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அம்மோனியா நீரில் எளிதில் கரையும் வாயு. ஆகையால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். காற்றோடு சேர்ந்து ஓடாமல், அது வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும். ஒரு தாளின் பாதியில் அடங்கிவிடும் இச்செய்தி, நள்ளிரவில் தேடிக் கற்கக்கூடியதன்று.

இதைச் சொல்ல வேண்டிய கடமை யாருடையது என்பதில் சட்டத்துக்கு ஐயமில்லை. போபால் விஷவாயுப் பேரழிவுக்குப் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், ஆலையின் ஆபத்துகளைத் தொழிலாளருக்கு மட்டுமன்றி அக்கம்பக்கத்துப் பொதுமக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்றது. அபாயகரமான இரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி பற்றிய 1989ஆம் ஆண்டு விதிகளின் 15ஆம் விதி இன்னும் தெளிவானது: பெருவிபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய பகுதியில் இருப்போர்க்கு, ஆபத்தின் தன்மையையும், அப்போது செய்ய வேண்டியவற்றையும் செய்யக்கூடாதவற்றையும் ஆலையை நடத்துபவர் தெரிவித்தாக வேண்டும். எங்கே தெரிவிப்பது என்பதை மட்டும் விதி திறந்தே விட்டிருக்கிறது. ஆலையின் வாயிற்பலகையோ ஆட்சியர் அலுவலகத்துக் கோப்போ அதற்குப் போதாது. குப்பத்துப் பிள்ளைகள் மாலையில் வந்து உட்காரும் கிளை நூலகத்தின் சுவர் அவ்விரண்டையும்விடத் தகுதியானது என்பதை மறுப்பது கடினம்.

வேறு சில இடங்களில் சட்டம் நூலகத்தின் பெயரையே குறிப்பிடுகிறது. புதிய ஆலையோ துறைமுக விரிவாக்கமோ வரும்போது அதனால் காற்று, நீர், வாழ்வாதாரம் ஆகியவற்றுக்கு நேரும் விளைவுகளை ஆய்ந்து எழுதப்படும் அறிக்கை சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எனப்படும். 2006ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கை, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முப்பது நாளாவது முன்னறிவிப்பு தர வேண்டும் என்றும், அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்றும் சொல்வதோடு, அச்சுருக்கத்தைப் பார்வைக்கு வைப்பதற்கான இடங்களுள் பொது நூலகங்களையும் சேர்த்துள்ளது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ, ஒவ்வொரு பொது அலுவலகமும் எவரும் கேட்காமலேயே வெளியிட வேண்டிய பதினேழு வகைத் தகவல்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் ஒன்றாக, மக்கள் பயன்பாட்டுக்கென நூலகமோ படிப்பகமோ இருந்தால் அது திறந்திருக்கும் நேரத்தையும் குறிப்பிடுகிறது. நூற்றுக்கணக்கான பக்க ஆங்கில அறிக்கையைக் கூட்டம் நடக்கும் பந்தலில் முதன்முறையாகக் கண்ணால் காணும் மீனவர் என்ன கருத்தைச் சொல்லிவிட முடியும்? முப்பது நாள்களும் அதன் தமிழ்ச் சுருக்கம் நூலக மேசையில் கிடந்திருந்தால், கேள்விகள் வேறு தரத்தில் இருக்கும்.

அமைப்புசாராத் தொழிலாளர்க்கான 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த நலவாரியங்களின் பதிவு முறைகள், ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீடிக்கும் மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தின் விவரங்கள், ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் கடல்நிலை அறிவிப்புகள் ஆகியவையும் இதே மேசைக்கு உரியவை. இவையெல்லாம் கைப்பேசியில் கிடைப்பவைதாமே என்ற மறுப்பு எழலாம். கிடைப்பது உண்மை, ஆனால் பழைய ஆணைக்கும் புதிய ஆணைக்கும், செய்திக்கும் வதந்திக்கும் வேறுபாடு காட்ட ஒருவர் தேவைப்படுகிறார். நூலகர் கற்றுவந்த தொழிலே அதுதான்.

நடைமுறைத் தடைகளை மறைப்பதற்கில்லை. கிளை நூலகங்கள் பலவற்றில் நூலகர் ஒருவரே நூல் வழங்கி, திரும்பப் பெற்று, பதிவேடு எழுதி, சில இடங்களில் கூட்டிப் பெருக்கவும் செய்கிறார்; அவர் தலையில் இன்னொரு பணியைச் சுமத்துவது எளிது, நியாயமன்று. உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரி காலத்தில் ஆணைக்குழுவின் கைக்கு வருவதில்லை என்ற புகாரும் தமிழகத்தில் பழையது. ஊருக்காகப் பிரித்த பணம் ஊரின் நூலகத்துக்கு வராதிருப்பதைப் போன்ற அபத்தம் வேறில்லை. எனினும், கிளைதோறும் அமைவதற்கு இடமுள்ள வாசகர் வட்டம் இவ்வேலையில் பாதியை ஏற்க முடியும். வடசென்னையின் தொழிற்சங்கங்களும் அரசியல் இயக்கங்களும் தெருமுனைப் படிப்பகங்களை நடத்திய பழக்கம் இப்பகுதிக்கு உண்டு; ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்ட அந்த மரபின் பேரர்கள் இன்னும் இங்கேதான் வாழ்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர் இருவரும் கல்லூரி மாணவர் இருவரும் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கினால், ஒரு கோப்பும் ஓர் அறிவிப்புப் பலகையும் வாரம் தவறாமல் புதுப்பிக்கப்பட்டுவிடும்.

எனவே திருவொற்றியூர் வாசகர்களிடம் வைக்கத்தக்க வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை கிளை நூலகத்துக்குச் செல்லும்போது, அம்மோனியா கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் எழுதிய தாள் அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையெனில், வாசகர் வட்டத்தின் பெயரில், 1989ஆம் ஆண்டு விதிகளின் 15ஆம் விதியைக் குறிப்பிட்டு, மாவட்ட ஆட்சியருக்கும் ஆலைகளுக்கும் ஒரு கடிதம் எழுதி, வரும் பதிலை நூலகச் சுவரிலேயே ஒட்டிவையுங்கள்.