தாத்தாப் பூவும் தடுப்பூசியும்

போன மாசம் மாட்டுக்குப் புல் அறுக்கும்போது என் மகன் காலில் அரிவாள் பட்டு ரத்தம் கொட்டியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமியார்தான் வரப்பில் கிடந்த வெட்டுக்காயப் பூண்டுத் தழையைக் கசக்கிச் சாறு பிழிந்தார். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது! சின்ன வயசில் 'தாத்தாப் பூ' என்று தலையைச் சுண்டி விளையாடுவோமே, அதேதான். (மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த செடியாம்!)

"இதுக்குப் போய் எதுக்கும்மா ஊசி?" என்றார். நான் கேட்கவில்லை. ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கும். தழைச்சாறு அதைத் தடுக்காதே! சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டு வந்தேன்.

காயம் ஆறிவிட்டது. "எல்லாம் என் தழையாலதான்" என்கிறார் மாமியார். இருக்கட்டுமே!

- ஒரு வாசகி, மன்னார்குடி.