மாத்திரையை எண்ணும் தாதி

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் சாலையில் திருப்பாலைவனத்தைத் தாண்டியதும் காற்றின் குணமே மாறிவிடுகிறது. நெல்வயலின் மணம் பின்தங்கிப்போய், உப்பும் மீனும் கலந்த வாடை முன்வந்து வரவேற்கிறது. அப்புறம் ஏரி. பூநாரைகளைப் பார்க்க வருகிறவர்கள் அநேகர். டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய இடத்தையும், அவர்களுடைய கல்லறை வாசலில் செதுக்கியுள்ள எலும்புக்கூட்டு உருவங்களையும் பார்த்துவிட்டு மாலைக்குள் பட்டணம் திரும்பிவிடுகிறார்கள். முந்நூறு வருஷங்களுக்கு முன் இறந்தவர்களைப்பற்றி இவ்வளவு சிரத்தையாக விசாரிக்கும் நாம், ஏரிக்கரைக் குப்பங்களில் உயிரோடிருப்பவர்களின் தேகநிலையைப்பற்றி விசாரிப்பது அபூர்வந்தான்.

அக்குப்பங்களில் ஒருவனுக்கு க்ஷயரோகம் கண்டுவிட்டதென்று வைத்துக்கொள்வோம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். ஆறு மாதம் தவறாமல் உட்கொண்டால் சாதாரண க்ஷயம் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடும். ஆனால் இரண்டாவது மாதத்திலேயே இருமல் அடங்குகிறது, ஜுரம் விட்டுவிடுகிறது, பசி எடுக்கிறது. இதற்குள் ஏரியில் அவனுடைய முறையும் வந்துவிடுகிறது. பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றோர் ஏற்பாடு உண்டு. இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலையிடலாமென்று ஊரார் வகுத்திருக்கிறார்கள். முறையைத் தவறவிட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஆஸ்பத்திரிக்குப் போவதா, வலைக்குப் போவதா? வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே! மாத்திரைப் பொட்டலம் கூரையிலே செருகப்படுகிறது. சில மாதங்களில் நோய் திரும்பி வருகிறது. பழைய மருந்துக்குக் கட்டுப்படாத நோயாகத் திரும்பினாலும் திரும்பும்.

படித்தவர்களாகிய நாம் இதற்கு உடனே ஒரு பெயர் வைத்துவிடுகிறோம்: அறியாமை. "சுகாதாரப் பிரசாரம் வேண்டும்" என்று தீர்மானம் நிறைவேற்றிவிட்டுக் காப்பி அருந்தப் போகிறோம். நமக்கு டாக்டர் ஏழு நாளைக்கென்று கொடுத்த மாத்திரை, நாலாம் நாளோடு நின்று, அலமாரியில் தூசி படிந்து கிடப்பது அச்சமயம் நம் ஞாபகத்துக்கு வருவதில்லை.

உண்மையில் இது அறியாமைதானா என்று கேட்டுச் சோதித்துப் பார்த்த பெருமை நம் சென்னைக்கே உரியது. 1956-ல் சேத்துப்பட்டில் க்ஷயரோக மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் அதில் சேர்ந்திருந்தன. அந்நாளில் க்ஷயத்துக்கு வைத்தியமென்றால் சானடோரிய வாசம் என்றே அர்த்தம். நல்ல காற்று, நல்ல ஆகாரம், பூரண ஓய்வு. ஆனால் படுக்கைகளோ சொற்பம், நோயாளிகளோ ஏராளம். இடம் கிடைக்காதவன் கதி என்ன?

நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் சானடோரியத்துக்குச் சென்றனர். மறுபாதியினர் தங்கள் நெருக்கடியான குடிசைகளிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஐஸோநயஸிட், பாஸ் என்ற அதே இரண்டு மருந்துகள், ஒரு வருஷம். வீட்டிலிருந்தவர்களுக்கு ஆகாரம் மட்டம், ஓய்வும் குறைவு. சானடோரியத்திலிருந்தவர்களின் எடை அதிகமாகக் கூடியது. ஆனால் 1959-ல் வெளியான முடிவைப் பாருங்கள். சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியது. வீட்டிலிருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கு அடங்கியது. அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வசித்த உற்றாருக்கும், மற்றக் குடும்பங்களைவிட அதிகமாக நோய் தொற்றவில்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் மெள்ள மெள்ள மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆராய்ச்சியும் ஒரு முக்கிய காரணம்.

இந்த ஆராய்ச்சியைச் சொல்லும்போது டாக்டர்களின் பெயர் வருகிறது, அது நியாயமே. ஆனால் வீடு வீடாகச் சென்றவர்கள் பொதுச் சுகாதாரத் தாதியரும் சுகாதார விசிட்டர்களும். முன்னறிவிப்பின்றி ஒருநாள் வாசலில் போய் நிற்பார்கள். மாத்திரை எத்தனை மீந்திருக்கிறதென்று எண்ணுவார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. இது ஏதோ போலீஸ் வேலை போலத் தோன்றலாம். ஆனால் அந்த எண்ணிக்கையிலிருந்துதான் ஓர் உண்மை புலப்பட்டது. மருந்தை நிறுத்துகிறவன் மூடனுமல்ல, பொய்யனுமல்ல. நோயின் தொந்தரவு தீர்ந்தபின் மருந்தை விழுங்கிக்கொண்டே இருப்பது, படித்தவனோ படியாதவனோ, மனித சுபாவத்துக்கே சிரமமான காரியம். ஆகவே அவனைக் கடிவதை விட்டு, மருந்து கொடுக்கும் முறையை மாற்றலாமென்று யோசித்தார்கள். வாரம் இருமுறை மட்டும், ஒருவர் கண்ணெதிரில் மருந்து கொடுக்கும் முறை அதே நிலையத்தில் 1960-களில் பரீட்சிக்கப்பட்டுப் பலன் தந்தது. பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்பு வைத்தியத்துக்கு அதுவே ஒரு வித்து.

தாதியின் கணக்கு நோட்டு வைத்தியத்தையே திருப்பிவிட்டது இதுதான் முதல் தடவை என்று எண்ணவேண்டாம். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைக் கையில் விளக்கேந்திய தேவதையாகவே நம் பாடப்புத்தகங்கள் காட்டுகின்றன. அவர் புள்ளிவிவரத்தில் சூரர் என்பதை ஏனோ சொல்வதில்லை. கிரிமியா யுத்தத்தில் குண்டுபட்டு மாண்டவர்களைவிட நோயால் மாண்டவர்களே அதிகமென்று வர்ணப் படம் வரைந்து மந்திரிகளுக்குக் காட்டியவர் அவர். 1892-ல் பக்கிங்ஹாம்ஷயர் ஜில்லாவில் கிராமத் தாய்மார்களுக்குச் சுகாதாரம் கற்பிக்க ஓர் ஏற்பாடு செய்தார். மேடைப் பிரசங்கம் போதாது, பயிற்சி பெற்ற ஸ்திரீகள் வீட்டுக்குள் சென்று, அங்குள்ள சாமான்களைக் கொண்டே செய்து காட்டவேண்டும் என்பது அவருடைய கொள்கை. (பழவேற்காட்டு ஏரி வழியே செல்லும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் அந்த ஜில்லாவுக்கும் பெயரளவில்தான் உறவு. கொள்கை மட்டும் இங்கே குடியேறியிருந்தால் நன்றாயிருக்கும்!)

எடுத்துச் சொல்வதே ஒரு மருந்து என்பதற்கும் தாதியர் துறையிலேயே அத்தாட்சி உண்டு. இங்கிலாந்தில் ஜாக் ஹேவர்ட் என்பவர் 1975-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். ரண சிகிச்சைக்கு முன்னால், என்ன நடக்கும், எவ்வாறு வலிக்கும் என்று விவரமாகச் சொல்லப்பட்ட நோயாளிகளுக்கு, பிற்பாடு வலியடக்கும் மருந்து குறைவாகவே தேவைப்பட்டது.

நம் ராஜ்யத்துக்குத் திரும்புவோம். 2022-ல் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கிற்று. க்ஷயத்தால் நேரும் மரணங்களில் பெரும் பகுதி, மருந்து ஆரம்பித்த முதல் இரண்டு மாதங்களிலேயே நேர்ந்துவிடுகிறது. அபாயத்திலிருப்பவர் யாரென்று கண்டுபிடிக்கப் பெரிய யந்திரம் வேண்டியதில்லை. உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, நிமிஷத்துக்கு 24-க்குமேல் மூச்சு வாங்குகிறதா, ரத்தத்தில் பிராணவாயு 94 சதவிகிதத்துக்குக் கீழே போய்விட்டதா, பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்று சுகாதார ஊழியர் பார்க்கிறார். பலவீனமானவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுகிறார்கள். தராசும் கடிகாரமும் விரலில் மாட்டும் சிறு கருவியும் இருந்தால் போதும். பார்க்கிற கண்ணும் வேண்டும்.

ஆகாரத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆராய்ச்சியில், நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் மாதந்தோறும் தானியமும் பருப்பும் அளித்தார்கள். குடும்பத்தாரிடையே புதிதாக நோய் காண்பது ஏறக்குறையப் பாதியாயிற்று. முதல் இரண்டு மாதத்தில் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு கூடியவர்களுக்கு மரண அபாயம் 61 சதவிகிதம் குறைந்து காணப்பட்டது. சேத்துப்பட்டு ஆராய்ச்சியைக் காட்டி, "சோறு முக்கியமில்லை" என்று வாதிப்பவர்கள் இதையும் கவனிக்கவேண்டும்.

இவ்வளவு காரியமும் யார் கையில் இருக்கிறதோ அவர்களை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது, 'நர்ஸ்' என்றதும் முகம் சுளிக்கும் வீடுகள் இன்றும் உண்டு. வேலூரிலும் டில்லியிலும் 1946-லேயே தாதியர் கல்வி பட்டப்படிப்பாகிவிட்டது; முகச்சுளிப்பு மாத்திரம் பட்டம் வாங்காமல் பழைய வகுப்பிலேயே இருக்கிறது. ஐரோப்பாவின் ஒன்பது தேசங்களில் நடந்து 2014-ல் வெளிவந்த ஆராய்ச்சியில், ஒரு தாதியின் பொறுப்பில் மேற்கொண்டு ஒரு நோயாளி சேர்ந்தால், ரண சிகிச்சை பெற்றவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் அபாயம் 7 சதவிகிதம் கூடுவதாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கட்டடம் கேட்டு மகஜர் கொடுப்பவர்கள், கட்டடத்துக்குள் எத்தனை தாதியர் என்று கேட்டதை நாம் கண்டதில்லை.

திருப்பாலைவனத்துக்கு அப்பால் உள்ள குப்பங்களில் இந்தப் பாடத்தை நடத்துவதற்குப் பாடத்திட்டம் ஏரியிலேதான் இருக்கிறது. விடியுமுன் படகேறிப் போகிறவனைக் காலை பத்து மணிக்குத் தேடிவிட்டு, 'வீட்டில் இல்லை' என்று எழுதிவைப்பதில் பயனில்லை. இறால் உரிக்கும் பெண்கள் ஓரிடத்தில் கூடி உட்காரும் நேரம், மீன் கூடையுடன் சந்தைக்குப் போனவள் திரும்பி வரும் பஸ், இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் கரையேறும் வேளை ஆகியவற்றை அறிந்த தாதிதான் அங்கே உபாத்தியாயினி. இரண்டு வாரம் தொடர்ந்து இருமினால் 'உப்புக் காற்று' என்று விட்டுவிடாமல் கோழையைச் சோதிக்கவேண்டும் என்பதை, அவர்கள் கை வேலை நிற்காமலே சொல்லலாம். க்ஷய நோயாளிக்கு ஆகாரத்துக்காகச் சர்க்கார் தரும் மாதத் தொகை 2024 நவம்பர் முதல் ஆயிரம் ரூபாயாக உயர்ந்திருப்பதையும், அது பாங்குக் கணக்கில் வந்து சேர்ந்ததா என்பதையும் அப்போதே விசாரித்துவிடலாம். நோயாளியிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "மாத்திரை சாப்பிட்டாயா?" என்பதல்ல. "உன் பாடு எந்த நாளில் வருகிறது?" என்பதே. அந்த நாளுக்கு முந்தின சாயங்காலம் பொட்டலத்தோடு அவன் வாசலில் போய் நின்றால், எண்ணிப் பார்க்க மாத்திரை மீதியிருக்காது.