கச்சான்: விற்பதற்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு?

தீவுப்பகுதிக் கடலோடிகளுக்குக் கச்சான் என்றால் மேற்கிலிருந்து வீசும் காற்று. தோட்டக்காரருக்கோ அது நிலக்கடலை. 1990, 1991ஆம் ஆண்டுகளில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பக்கங்களை விட்டுக் குடாநாட்டுக்கும், 1995இல் அங்கிருந்து வன்னிக்கும் பெயர்ந்த குடும்பங்கள் பல, மணற்பாங்கான காணிகளில் இப்பயிரைச் செய்யக் கற்றுக்கொண்டன. பிடுங்கிய கச்சான் முழுவதும் வியாபாரியிடம் போய், அந்தக் காசு சீனியாகவும் கோதுமை மாவாகவும் வீட்டுக்குத் திரும்பி வருவதே வழக்கமாகிவிட்டது. இந்தப் பண்டமாற்றில் நட்டப்படுபவர்கள் பிள்ளைகள்.

100 கிராம் கச்சான் பருப்பில் ஏறத்தாழ 25 கிராம் புரதமும் 49 கிராம் கொழுப்பும் உண்டு. அதே நிறை அரிசியில் புரதம் 7 கிராம் அளவே. பிள்ளையின் வயிறு சிறியது. சோற்றாலும் பிட்டாலும் விரைவில் நிரம்பிவிடும், ஆனால் வளர்ச்சிக்கு வேண்டிய சக்தி சேராது. தேங்காய் இருக்கிறதே என்று கேட்பீர்கள். தேங்காய்ச் சொட்டோடு புழுக்கொடியல் சப்பி வளர்ந்த நமக்கு இதை ஏற்க மனம் வராது. ஆனாலும் 100 கிராம் தேங்காயில் புரதம் 3 கிராம் மட்டுமே. மிகுதியில் பெரும்பங்கு கொழுப்பும் நீரும்.

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு சிறங்கை, அதாவது கோது நீக்கிய 30 கிராம் போதும். இது 170 கலோரி வரை தரும். நாளுணவு 2000 கலோரி என்றால் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. இதற்கு மேல் கூட்டத் தேவையில்லை. கொழுப்பிலிருந்து வரும் சக்தி மொத்தத்தில் 30 வீதத்தைத் தாண்டாதிருப்பது நல்லது என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நமது கறிகளில் தேங்காய்ப்பால் ஏற்கனவே இருக்கிறது. மேலும் லைசின் என்னும் புரதக்கூறு அரிசியிலும் குறைவு, கச்சானிலும் குறைவு. அதைப் பயறும் பருப்பும் மீனும்தான் ஈடுசெய்யும். ஒடியற் கூழில் மீனையும் பயற்றங்காயையும் சேர்த்தவர்கள் கணக்குத் தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறார்கள்.

தாய், தந்தை, மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் பெரியவருக்கு 30, பிள்ளைக்கு 15 கிராம் என்றால் நாளுக்கு 105 கிராம். மாதத்துக்கு 3 கிலோவுக்குச் சற்று மேல். கோதுடன் நிறுத்தால் நாலரைக் கிலோ. வருடத்துக்கு 54 கிலோ. அவ்வளவு முடியாதவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று 27 கிலோவை ஒதுக்கலாம்.

1996இல் பிரெஞ்சு மருத்துவர் அந்திரே பிரியான், கச்சான் விழுதுடன் பால்மா, சீனி, எண்ணெய், விற்றமின்கள் சேர்த்து, மெலிந்த குழந்தைகளுக்கென ஓர் உணவை உருவாக்கினார். பிளம்பி நட் எனப்படும் அதன் 92 கிராம் பொதியில் 500 கலோரி. வீட்டில் இடித்த கச்சான் அதற்கு ஈடாகாது. வற்றி மெலிந்த, அல்லது கால் வீங்கிய பிள்ளையைத் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

வீட்டுக்கு எடுப்பதிலும் ஒரு பழக்கம் உண்டு: நல்லதை விற்றுவிட்டு, சுருங்கியதையும் கறுத்ததையும் நமக்கென வைப்பது. இது ஆபத்து. ஈரம்பட்ட கச்சானில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சணம் அஃபிளாரொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும், புற்றுநோயையும் வருவிக்கும். வறுத்தாலும் அவித்தாலும் முழுதாக அழியாது. பசுவுக்குப் போட்டால் பாலிலும் இறங்கும். ஆகவே பிடுங்கிய செடிகளைக் காய் மேலே இருக்கக் கவிழ்த்து வெயிலில் காயவிடுங்கள். அசைத்தால் கோதுக்குள் பருப்புக் கலகலக்க வேண்டும். பொலித்தீன் பைகளில் கட்டாமல் சாக்கில் இட்டு, நிலத்தில் படாமல் பலகைமேல் வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததை, கைத்ததை எறிந்துவிடுங்கள், மனம் வராவிட்டாலும்.

ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுப் பருப்பைக் கொடுக்க வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும். வறுத்து இடித்துக் கஞ்சியில் கரைத்துக் கொடுக்கலாம். முதல் தடவை சிறிதளவே கொடுங்கள். உடம்பு தடித்தாலோ மூச்சு இழுத்தாலோ உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அப்பிள்ளைக்கு மறுபடி கச்சான் கொடுக்கக் கூடாது.