பனிக்காலத்திலும் பொலிவு குன்றாத தோட்டம்

தோட்டம் என்றவுடன் நம் மனக்கண்முன் விரிபவை மலர்களே. ஆனால், ஆண்டில் நான்கைந்து திங்கள் கடுங்குளிரில் உறைந்து கிடக்கும் நாடுகளில், மலரை மட்டுமே நம்பித் தோட்டம் அமைத்தவர் அந்நாட்களில் வெறும் மண்ணையே காண்பார். இலைகள் உதிர்ந்து வண்ணங்கள் மறைந்தபின் எஞ்சி நிற்பவை இரண்டு: காய்ந்த செடிகளின் வடிவம், அவற்றினூடே செல்லும் பாதையின் வடிவம். பனிக்காலத் தோட்டத்தின் அழகு இவ்விரண்டையுமே சார்ந்தது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, நியூயார்க் நகரின் 'ஹை லைன்' பூங்கா. 1934ஆம் ஆண்டில் சரக்கு வண்டிகளுக்கெனத் தரையிலிருந்து ஏறத்தாழ 30 அடி உயரத்தில் திறக்கப்பட்ட இருப்புப்பாதை அது. 1980இல் கடைசி வண்டி ஓடியது. அதன்பின் கேட்பாரற்றுக் கிடந்த பாதையில், தாமாக வந்து விழுந்த விதைகள் முளைத்துப் புல்லும் பூண்டும் செழித்தன. அதனை இடித்துவிட வேண்டும் என்றனர் பலர். காக்க வேண்டும் என்று 1999இல் ஜோஷுவா டேவிட், ராபர்ட் ஹாமண்ட் என்னும் இருவர் ஒரு சங்கம் தொடங்கினர். ஜோயல் ஸ்டெர்ன்ஃபெல்ட் என்னும் ஒளிப்படக் கலைஞர் பல பருவங்களில் அங்கே எடுத்த படங்கள் மக்களின் ஆதரவைத் திரட்டின. பூங்காவின் முதற்பகுதி 2009இல் திறக்கப்பட்டது. இன்று அதன் நீளம் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர்.

இங்குள்ள கான்கிரீட் தளம் நாம் உற்று நோக்கத்தக்கது. பொதுவாகச் சிமெண்டுத் தளம் ஒரு கோட்டில் முடியும். அதற்கப்பால் செடிகள் தொடங்கும். இங்கோ, முன்னரே வார்த்த நீண்ட கான்கிரீட் பலகைகளைப் பாவியிருக்கிறார்கள். அவற்றின் முனைகள் சீப்பின் பற்களைப்போல் கூர்ந்து பாத்திக்குள் நுழைகின்றன. இடைவெளிகளில் புற்கள் தலைகாட்டுகின்றன. இணைப்புகள் பூசி அடைக்கப்படாமையால் மழைநீர் அவற்றின் வழியே மண்ணைச் சேர்கிறது. பனிக்காலத்தில் சாம்பல்நிறப் பலகைகளின் நேர்கோடுகளும், அவற்றினிடையே வைக்கோல்நிறப் புற்களும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டி நிற்கின்றன.

செடிகளைத் தேர்ந்தவர் நெதர்லாந்து நாட்டுத் தோட்டக் கலைஞர் பீட் அவுடால்ஃப். பூவின் நிறத்தைவிட, பூ வாடியபின் செடி எவ்வாறு தோன்றும் என்பதையே அவர் முதன்மையாகக் கருதுபவர். ஆகவே இலையுதிர்காலத்தில் எதனையும் வெட்டுவதில்லை. எக்கினேசியாவின் கரிய விதைக்கூடுகள் வெண்பனியைத் தாங்கி நிற்கின்றன. பறவைகளுக்கு அவை உணவாகின்றன. வசந்தம் பிறக்கும் வேளையில்தான், தொண்டர்கள் கூடிப் பழைய தண்டுகளை அறுக்கின்றனர்.

குளிர்நாட்டில் கான்கிரீட் பாவுவோர் ஓர் இயற்கை விதியை மறத்தல் ஆகாது. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருக்கும். தளத்தின் நுண்துளைகளில் புகுந்த நீர் உறைந்தும் உருகியும் நாளடைவில் அதனைப் பிளந்துவிடும். இதனைத் தடுக்கவே, கலவையில் கண்ணுக்குப் புலப்படாத காற்றுக்குமிழிகளைச் சேர்க்கும் முறை 1930களில் அமெரிக்காவில் உருவாயிற்று. பருக்கும் நீர் அக்குமிழிகளில் இடம் தேடிக்கொள்கிறது. தளத்தின் அடியில் சரளை பரப்பி, மேலே சிறிது சரிவும் அமைத்தால் நீர் தேங்காது. பனியை உருக்க உப்புத் தூவுவது கான்கிரீட்டையும் அரிக்கும். அருகிலுள்ள வேர்களையும் கெடுக்கும்.

நீருக்கு இடம் விடாத தளத்தால் வீட்டார்க்கு மட்டுமன்றி ஊருக்கும் கேடு உண்டு. இங்கிலாந்தில் மோட்டார் வண்டி நிறுத்துவதற்கென வீட்டு முன்தோட்டங்களைப் பலர் முழுவதும் சிமெண்டிட்டு மூடினர். மண்ணில் இறங்க வேண்டிய மழைநீர் தெருவில் பாய்ந்தது. 2007ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின், 2008 முதல், முன்தோட்டத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் இறங்காத தளம் அமைத்து, நீரை உள்ளேயே வடியச் செய்யாதிருப்பின், முன் அனுமதி பெற வேண்டும் என விதி வகுத்தனர்.

ஆகவே, தோட்டம் அமைக்க விழைவோர் முதலில் பனிக்காலத்தை எண்ணிப் பாதையை வரையட்டும். சன்னலருகே அமர்ந்திருக்கும் முதியவர்கள் அந்நீண்ட மாதங்களில் எதனைக் காண்பார்கள் என்று கருதட்டும். அடுத்து, நீர் இறங்கும் இடைவெளிகளைக் குறிக்கட்டும். அதன்பின், காய்ந்தபோதும் நிமிர்ந்து நிற்கும் புற்களையும், செங்கனி தாங்கும் புதர்களையும் நடட்டும். மலர்ச்செடிகளை இறுதியில் தேர்ந்தால் போதும். அவற்றுக்கு உரிய காலம் வரும்போது அவை தவறாமல் பூக்கும்.