வெட்டுத்துணியில் கிறிஸ்மஸ் அணிகள்: ஊசியும் நூலும் வேண்டியதில்லை

ஆண்டின் கடைசி மாதங்கள் தோட்டத்துக் குடும்பங்களுக்குச் சற்று நெருக்கடியானவை. விடியற்காலையில் மழை பெய்தால் மரத்தின் பட்டை நனைந்துவிடுகிறது. நனைந்த பட்டையில் வெட்டினால் பால் கோட்டின் வழியே இறங்கி மங்கில் வந்து சேராமல் மரமெல்லாம் வழிந்து வீணாகிறது. ஆகவே வேலை நாள் குறைகிறது. மாத முடிவில் கைக்கு வரும் பணமும் குறைகிறது. இந்த வேளையில்தான் கிறிஸ்மஸ் பெருநாள் வருகிறது. அதன் பின்னாலேயே பிள்ளைகளின் பள்ளிச் செலவும் வருகிறது. சில ஆண்டுகள் மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போயிருந்த பள்ளித் தொடக்கம், 2026ஆம் ஆண்டு முதல் மறுபடியும் ஜனவரிக்கே வந்துவிட்டதால், இந்தச் சுமை பழையபடி டிசம்பரின் தலையில் ஏறிக்கொண்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரப்பர் தோட்டத்தில் நடைபெற்ற விளக்கக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்ததும் பால்வெட்டுத் தொழிலாளியான ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். "ஐயா, என் சின்னவன் கிறிஸ்மஸ் மரம் வேண்டும் என்கிறான். சவுக்குக் கிளையை நான் வெட்டி வந்துவிடுவேன். ஆனால் அதில் தொங்கவிடும் குண்டுகளைக் கடையில் விலை கேட்டேன். அந்தக் காசுக்கு அவனுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்தே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. இதற்கு ஏதாவது வழி உண்டா?" என்று கேட்டார். அன்று நான் விளக்கப் போயிருந்த பொருள் முற்றிலும் வேறு. ஆயினும், ஆசிரியர் பயிற்சி பெற்றவன் என்ற பழைய நினைப்பில், "உண்டு அம்மா, அடுத்த வாரம் செய்து காட்டுகிறேன்" என்று வாக்களித்துவிட்டேன். தையல் எனக்கு வராது. ஆகவே ஊசி பிடிக்காமல் செய்யக்கூடிய முறைகளைத் தேடலானேன்.

கடையில் விற்கும் அந்தப் பளபளப்பான குண்டுகளும் ஒரு காலத்தில் குடிசைத் தொழிலாகவே பிறந்தவை. ஜெர்மனியில் துரிங்கியா வட்டாரத்திலுள்ள லௌஷா என்னும் மலைச் சிற்றூரில், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கண்ணாடி ஊதும் தொழிலாளர் குடும்பங்கள் தங்கள் வீட்டுப் பட்டறைகளிலேயே அவற்றைச் செய்தன. குடும்பத் தலைவர் கண்ணாடியை ஊதித் தருவார். மனைவியும் மக்களும் வெள்ளி முலாமும் வண்ணமும் ஏற்றுவர். அதற்கு முந்திய நாள்களில் மரத்தில் தொங்கியவை ஆப்பிள் பழங்களும், கொட்டைகளும், காகிதப் பூக்களுமே. கைக்குக் கிடைப்பதைக் கொண்டு மரத்தை அலங்கரிப்பது, ஆகவே, ஏழைக்கு ஏற்பட்ட குறை அன்று. மூல வழக்கமே அதுதான்.

நமக்குக் கைக்குக் கிடைப்பது துணி. தீபாவளிக்கு முன் தையற்காரர் கடைகளில் சட்டைகளும் பாவாடைகளும் மலைபோல் வெட்டப்படுகின்றன. மிஞ்சும் துண்டுகள் மூட்டையாகக் கட்டி மூலையில் கிடக்கும். முகம் கோணாமல் கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே தருவார்கள். வீட்டிலும் கிழிந்த பாத்தேக் கைலி, நைந்துபோன சேலையின் சரிகைக் கரை, பிள்ளைக்குச் சிறியதாகிவிட்ட சட்டை எனச் சில இருக்கும். அவற்றுள் பருத்தித் துணியே இவ்வேலைக்கு ஏற்றது. நைலானும் சாட்டினும் வழுக்கும். ஓரத்தில் நூல் நூலாகப் பிரியும். சாயம் போகும் துணியானால் முன்கூட்டியே அலசி உலர்த்திக்கொள்ள வேண்டும்.

துணி வேலையில் தையல் எதற்காக? துண்டுகளை ஒன்றோடொன்று பிடித்து வைக்கவும், வெட்டிய ஓரம் பிரியாமல் மறைக்கவும். இந்த இரண்டையும் வேறு வழியில் செய்துவிட்டால் ஊசிக்கு வேலை இல்லை. ஜப்பானியர் இதனை நெடுங்காலமாக அறிந்திருக்கின்றனர். கியோட்டோ நகரத்துக் காமிகாமோ ஆலயத்தைச் சேர்ந்த ஒருவர், 18ஆம் நூற்றாண்டில், மிஞ்சிய மரத்துண்டுகளில் சிறு பொம்மைகள் செதுக்கி, அவற்றில் கீறல்கள் போட்டு, அக்கீறல்களுக்குள் துணியின் ஓரங்களைச் செருகி ஆடை அணிவித்தார். கிமேகோமி என்னும் அக்கலை இன்றும் ஜப்பானில் நடைபெறுகிறது. செருகிய ஓரம் கண்ணுக்குத் தெரியாது, பிரியவும் பிரியாது. மரப் பொம்மைக்குப் பதிலாக வெள்ளை நுரைப்பந்தை வைத்துக்கொண்டால், அதுவே நமது கிறிஸ்மஸ் குண்டு. பாலிஸ்டைரின் எனப்படும் அந்த நுரைப்பந்து பள்ளிப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

வாக்களித்தபடி அடுத்த வாரம் ஐந்தாறு பந்துகளுடன் சென்றேன். லயத்து ஐந்தடியில் அந்த அம்மையாரும் அண்டை வீட்டாரும் பிள்ளைகளும் சூழ்ந்து அமர்ந்தனர். பந்தின் மேல் ஆரஞ்சுச் சுளை போல் ஆறு கோடுகள் வரைந்து, பேனாக்கத்தியால் ஆழமாகக் கீறினேன். மூன்றாவது கீறலிலேயே ஒரு சுளை பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. இரண்டாவது பந்தும் அவ்வாறே ஆயிற்று. பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த அம்மையார் கத்தியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "ஐயா, இப்படி வெட்டினால் மரம் காயப்பட்டுப் போகும். நமக்குத் தோல்தான் வேண்டும், கட்டை வேண்டாம்" என்றார். பிறகு ஒரே அளவான ஆழத்தில், கை நடுங்காமல், ஆறு கோடுகளையும் கீறி முடித்தார். பட்டைக்கு உள்ளே இருக்கும் மெல்லிய உயிர்த்தோலைத் தொடாமல் நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டும் கைக்கு, இந்தப் பந்து ஒரு பொருட்டா? அன்றைய பாடத்தின் மீதிப் பகுதியை அவரே நடத்தினார் என்று சொல்வது பொருந்தும். அவர் செய்த முறையையே இங்கே எழுதுகிறேன்.

ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பந்து வசதியானது. அதன் மேற்புள்ளியிலிருந்து கீழ்ப்புள்ளிவரை, சம இடைவெளியில், பென்சிலால் ஆறு கோடுகள் வரைக. ஒவ்வொரு சுளையும் நடுவில் நான்கு சென்டிமீட்டர் அகலமும், மேலிருந்து கீழாகப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமும் இருக்கும். கோடுகளின் மீது அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீறுக. அதற்கு மேல் போகலாகாது. முக்கியமாக, ஆறு கோடுகளும் சந்திக்கும் இரு முனைகளிலும் கீறல் ஒன்றையொன்று தொடாமல் சிறிது முன்னதாகவே நிறுத்திவிட வேண்டும். நான் செய்த தவறு அதுதான். எல்லாக் கீறல்களும் ஓரிடத்தில் கூடினால் அவ்விடம் உதிர்ந்து சுளை பெயர்ந்துவிடும்.

பின்னர் துணியை மாவிலை வடிவில், பதினான்கு சென்டிமீட்டர் நீளமும் ஆறு சென்டிமீட்டர் அகலமுமாக வெட்டிக்கொள்ளுங்கள். சுளையைவிடச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கிறதே, அதுதான் உள்ளே செருகுவதற்கு உரியது. துணியைச் சுளையின் மேல் வைத்து, முதலில் நடுப்பகுதியின் இரு பக்கங்களையும் கீறலுக்குள் தள்ளுங்கள். அதன் பிறகு மேலும் கீழுமாக முனைகளை நோக்கிச் செல்லுங்கள். முனையிலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் விழும். பின்னர் அதனைச் சரிசெய்ய இயலாது. தள்ளுவதற்கு முனை மழுங்கிய பொருள் தேவை: வெண்ணெய் தடவும் கத்தி, நகம் தேய்க்கும் அரம், தேய்த்து மழுக்கிய ஐஸ்கிரீம் குச்சி ஆகியவற்றில் எதுவும் உதவும். கூரான கத்தி துணியை அறுத்துவிடும். மிஞ்சி நிற்கும் ஓரத்தைக் கத்தரித்து, மீதியையும் உள்ளே தள்ளிவிடுங்கள். அடுத்த சுளைக்கு வேறு நிறத் துணி. ஆறும் முடிந்ததும் கீறல்களின் மேல் மெல்லிய சரிகையோ நாடாவோ ஒட்டினால் வேலையிலுள்ள சிறு குறைகள் மறைந்துவிடும். என் பந்தில் மறைக்க நிறையவே இருந்தது. தொங்கவிடுவதற்கு ஒரு கொண்டையூசியில் கயிற்றைக் கோத்து, அதன் கால்களைப் பசையில் தோய்த்து மேல்முனையில் ஆழச் செருகி உலரவிட வேண்டும். இரு முனைகளிலும் ஒரு பொத்தானை ஒட்டுவது அழகு.

ஒரு பந்துக்குச் செலவாகும் துணி ஒரு கைக்குட்டை அளவைவிட அதிகமில்லை. ஒரு மூட்டை வெட்டுத்துணியில் லயத்துக்கே குண்டுகள் செய்யலாம். அன்று செய்த பந்துகளில் ஒன்றைக் கண்டு, அடுத்த வீட்டுச் சிறுமி, "இது என் தீபாவளிப் பாவாடைத் துணி!" என்று கூவினாள். அதனைச் சவுக்குக் கிளையில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில்தான் தொங்கவிட வேண்டும் என்று அவளே தீர்ப்பும் கூறிவிட்டாள்.

நுரைப்பந்து வாங்கவும் மனமில்லாதவர்கள் பழைய நாளிதழைக் கசக்கி உருட்டி, கயிற்றால் இறுகச் சுற்றிப் பந்தாக்கலாம். அதில் கீறல் போட முடியாது. ஆகவே சோற்றுத் தட்டளவு வட்டமாகத் துணியை வெட்டி, பந்தை நடுவில் வைத்து, ஓரங்களை மேலே கூட்டிப் பொட்டணம்போல் கழுத்தில் கட்டிவிட வேண்டும். சிறு பிள்ளைகளும் இதனைச் செய்வார்கள்.

இனி, நட்சத்திரம், மணி, மீன் போன்ற தட்டையான வடிவங்கள். இவற்றுக்குக் கஞ்சிப் பசை போதும். ஒரு மேசைக்கரண்டி மரவள்ளிக் கிழங்கு மாவைச் சிறிது குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, அரைக் கோப்பை நீர் சேர்த்து, மெல்லிய தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடிபோல் தெளியும். அதுவே பதம். ஆறிய பசையை ஒரு துணியில் தடவி, அதன் மேல் இன்னொரு துணியை ஒட்டி, அதற்கும் மேல் மூன்றாவதையும் ஒட்டி, காற்றுக்குமிழி இல்லாமல் உள்ளங்கையால் நீவி, சமதளமான பிளாஸ்டிக் தாளின் மேல் வெயிலில் காயவையுங்கள். மழைக்காலமாதலால் இரண்டு நாள் ஆகலாம். அவசரப்பட்டு அரைகுறை ஈரத்தில் எடுத்தால் பூஞ்சை பிடிக்கும். நன்கு காய்ந்தபின் அது அட்டைபோல் விறைத்திருக்கும். விரும்பிய வடிவில் கத்தரித்தால் ஓரம் பிரியவே பிரியாது. ஏனெனில் நூலிழைகளைக் கஞ்சி ஒன்றாகப் பிணைத்துவிடுகிறது. கஞ்சி போட்டுச் சலவை செய்த சட்டைக் கழுத்து விறைப்பாக நிற்பதும் இதே காரணத்தால்தான்.

"பசையைத் தேடி அலைவானேன்? நம் கையிலேயே பால் இருக்கிறதே" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ரப்பர்ப் பால் துணியை மிக நன்றாக ஒட்டும். கடைகளில் புட்டியில் விற்கும் துணிப் பசைகளுள் சிலவும் ரப்பர்ப் பாலே. ஆனால் மங்கிலிருந்து எடுத்த பச்சைப் பால் சில மணி நேரத்தில் உறைந்து நாற்றமெடுக்கும். உறையாமல் இருக்க அதில் அம்மோனியா கலக்க வேண்டும். அம்மோனியாவின் ஆவி கண்ணையும் மூச்சையும் வருத்தும். பிள்ளைகள் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அது ஆகாது. மேலும் மங்கில் உள்ள பால் தோட்டத்தின் பொருள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சப்பாத்து ஒட்டும் மஞ்சள் பசையையும் தவிர்த்துவிடுங்கள். அதில் கலந்துள்ள கரைப்பான் நுரைப்பந்தைக் கரைத்துக் குழி விழச் செய்துவிடும். அதன் ஆவியும் தீங்கானது. சரிகையை ஒட்டப் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே ஏற்றது.

நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். நுரைப்பந்து விரைவில் தீப்பற்றும், உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். துணியும் காகிதமும் எரியக்கூடியவையே. வெட்டிவைத்த சவுக்குக் கிளையும் சில நாளில் காய்ந்து சருகாகிவிடுகிறது. ஆகவே இந்த அணிகள் தொங்கும் மரத்தின் அருகே மெழுகுவர்த்தி ஏற்றவே கூடாது. மின்விளக்குச் சரம் போடுபவர்கள் சூடேறாத சிறு விளக்குகளைப் பயன்படுத்தி, படுக்கப் போகுமுன் அணைத்துவிட வேண்டும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் பொத்தான் ஒட்டிய குண்டுகளைக் கிளையின் மேற்பகுதியிலேயே தொங்கவிடுங்கள். கொண்டையூசி அசையாமல் இருக்கிறதா என்றும் இழுத்துப் பாருங்கள்.

பெருநாள் முடிந்ததும் இவற்றை எறிந்துவிட வேண்டியதில்லை. கஞ்சி போட்ட நட்சத்திரங்களைக் கரப்பானும் அந்துப்பூச்சியும் தேடி வரும். ஆகவே ஒரு முழு நாள் வெயிலில் காயவைத்து, மூடி இறுக்கமான பிஸ்கட் தகரத்தில், இடையிடையே நாளிதழ்த் தாள் வைத்து அடுக்குங்கள். நான்கைந்து கிராம்பும் போட்டுவைக்கலாம். பந்துகளின் மேல் கனமான எதையும் வைத்துவிடாதீர்கள். நுரை ஒருமுறை நசுங்கினால் மறுபடி எழாது. துணி மங்கிப்போன சுளையை மட்டும் அடுத்த ஆண்டு கீறலிலிருந்து உருவி எடுத்துவிட்டு, புதுத் துண்டு ஒன்றை அதே இடத்தில் செருகிக்கொள்ளலாம்.